ஒண்ணரை முதல் அஞ்சரை வரை

பதினாலாம் நம்பர் உள்ளே போயிருக்கிறது. என் கையில் இருக்கிற அட்டையில் இருபத்தேழு. நடுவில் பன்னிரண்டு பேர், ஆளுக்குப் பத்து நிமிஷம் வைத்தால்கூட ரெண்டு மணி நேரம் இந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்க வேண்டும். மின்விசிறி சுற்றுகிறது, காற்று எதிர்ச் சுவரோரம் இருக்கிறவர்களுக்குத்தான் போகிறது, டி.வி.யில் சத்தமில்லாமல் யாரோ பூரி பொரிக்கிறார்கள். அவர் என் பக்கத்தில் உட்காரவில்லை. ஒரு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருக்கிறார், நடு நாற்காலியில் என் ஃபைல். புதிதாக வருகிறவர்கள் பார்த்தால் ரெண்டு பேரும் தனித்தனியாக வந்ததாக நினைக்கலாம், அவருக்கு வேண்டியதும் அதுதான். சிதம்பரநாதன், என் வீட்டுக்காரர், ஐ.டி.ஐ.யில் வெல்டிங் வாத்தியார், கோவில்பட்டியில் பாதிப் பேருக்கு அவரைத் தெரியும், அதனால்தான் அங்கே மனநல டாக்டர் இருந்தும் திருநெல்வேலி வரைக்கும் பஸ் ஏறி வந்திருக்கிறோம். கீழ்வீட்டு அக்கா கேட்டதற்குப் பல் டாக்டரைப் பார்க்கப் போகிறோம் என்றார். பல் என்றால் பரவாயில்லை, பல் எல்லோருக்கும் இருக்கிறது. இதோ, ஆரம்பிக்கிறது. முதலில் உள்ளங்கையில் ஈரம், அப்புறம் தொண்டைக்குள் யாரோ துணியைத் திணிக்கிற மாதிரி, அப்புறம் நெஞ்சு, மாடிப்படியில் யாரோ செருப்புப் போட்டு இறங்குகிற மாதிரி தடதடவென்று. செத்துப்போகப் போகிறேன் என்று ஆறு மாதமாக இது எனக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறது. ரெண்டு தடவை ஈ.சி.ஜி. எடுத்தாயிற்று. கேஸ்தாம்மா, பருப்பைக் குறைங்க என்றார் எங்கள் தெரு டாக்டர். குறைத்தேன். சாகப்போகிற பயம் குறையவில்லை, சாம்பார்தான் தண்ணியாயிற்று. இப்படித் தடதடத்து அது ஓய்கிறபோது இன்னொன்று வரும், அதுதான் மோசம். சத்தமெல்லாம் பக்கத்து அறைக்குப் போய்விடும், என் கை மடியில் யாரோ வைத்துவிட்டுப் போன கை மாதிரி கிடக்கும், நான் என் தலைக்குப் பின்னால் ஒரு முழம் உயரத்தில் நின்று இந்தப் பொம்பளையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். செண்பகவல்லி. வயது முப்பத்தெட்டு. பச்சைச் சேலை. பாவம், வியர்க்கிறது அவளுக்கு.

பதினைஞ்சு. பரவாயில்லை, நகர்கிறது. போன மாதம் தாரணிக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தேன், என் மகள், பதினோரு வயது, கண்ணாடியில் என்னைப் பார்த்து, அம்மா மூணாவது தடவை அவுத்துப் பின்னுத, பஸ் போயிரும் என்றாள். எனக்கு முதல் தடவையே தெரியாது. விரல்கள் பாட்டுக்குப் பின்னியிருக்கின்றன. அப்போதே சொல்லியிருக்கலாம். யாரிடம்? அவரிடம் சொன்னேன், ஏங்க, எல்லாம் எனக்குக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நடக்கிற மாதிரி இருக்கு என்று. ராத்திரி ஒழுங்காத் தூங்கு என்றார். நல்ல மனுஷன்தான், கை நீட்டினது கிடையாது, குடி கிடையாது, அதைத்தான் எல்லோரும் சொல்வார்கள், அப்படிப்பட்டவனுக்கு இவள் இப்படிப் பண்ணிவிட்டாளே என்று. அந்தச் செவ்வாய்க்கிழமை. மதியம் ஒண்ணரைக்கு ஆபீஸில் டிபன் பாக்ஸைக் கழுவப் போனேன், குழாயில் தண்ணீர் வெதுவெதுப்பாக வந்தது, இது ஞாபகம் இருக்கிறது. அடுத்த ஞாபகம் ஒரு சிமெண்ட் பெஞ்ச். என் முன்னால் பஸ்கள். ஒருத்தர் என்னிடம், ஏம்மா, சேத்தூர் பஸ் போயிட்டா என்று கேட்கிறார். தலையைத் தூக்கிப் பார்த்தால் பெரிய எழுத்தில் ராஜபாளையம் என்று எழுதியிருக்கிறது. கடிகாரத்தில் அஞ்சரை. காலில் செருப்பு இருந்தது, தோளில் பை இருந்தது, கையில் கழுவின டிபன் பாக்ஸ் இருந்தது. நடுவில் இருந்த நாலு மணி நேரம் மட்டும் இல்லை. மறந்துபோயிற்று என்றால் தேடினால் அகப்படும், எங்கேயோ மூலையில் ஒரு நுனி நீட்டிக்கொண்டிருக்கும். இது அப்படி இல்லை. நறுக்கி எடுத்துவிட்டுத் தைத்த மாதிரி, தையல்கூடத் தெரியவில்லை. ஃபோனில் பதினெட்டு தவறிய அழைப்பு. அவரைக் கூப்பிட்டு நான் ராஜபாளையத்தில் இருக்கேன் என்றேன். அங்க என்ன சோலி என்றார். தெரியலங்க என்றேன். அந்தத் 'தெரியல'தான் மூணு வாரமாக எங்கள் வீட்டில் நடு அறையில் உட்கார்ந்திருக்கிறது.

தெரியாது என்பதை யாரும் பதிலாக எடுத்துக்கொள்வதில்லை. அன்றைக்கு அவர் வந்து கூட்டிப்போனார், வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்திவிட்டு, யாரு என்று கேட்டார். என்ன ஆச்சு என்று கேட்கவில்லை. அடி பட்டுச்சா, யாரும் எதுவும் பண்ணினாங்களா என்று கேட்கவில்லை. யாரு. என் பையைக் கட்டிலில் கவிழ்த்தார். சீப்பு, பேனா, கர்ச்சீப், ஒரு பஸ் டிக்கெட். அந்த டிக்கெட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், அப்புறம் என் மூஞ்சிக்கு முன்னால் நீட்டினார். கோவில்பட்டி டு ராஜபாளையம். பெரியவர் ரெண்டு. ஒரே டிக்கெட்டில் ரெண்டு ஆள். ரெண்டாவது யாருடி என்றார், இதற்கு மட்டும் எனக்கே பயமாக இருந்தது, ஏனென்றால் டிக்கெட் பொய் சொல்லாது. மறுநாளே தென்காசியில் இருந்து ஆவுடை மதினி வந்துவிட்டார், இவருடைய அக்கா, வந்ததும் என் நெற்றியில் திருநீறு பூசி, அழுது, அப்புறம் பிள்ளையின் துணிமணியை மடித்து வைத்தார். அரையாண்டுப் பரீட்சை லீவுக்கு எங்கூட இருக்கட்டும் என்றார். லீவு முடிந்து பத்து நாள் ஆகிறது. அங்கேயே ஒரு பள்ளிக்கூடத்தில் பேசியிருக்கிறார்களாம். கிளம்பும்போது அடுப்படியில் என் கையைப் பிடித்துக்கொண்டு மதினி சொன்னது: "வல்லி, மனுஷப் பிறவின்னா தப்பு நடக்கத்தான் செய்யும். யாருன்னு ஒரு வார்த்தை சொல்லிரு. தம்பி மன்னிச்சிருவான், நான் பேசுதேன். பிள்ளையும் தன்னால வந்துரும். ஆனா இந்த ஞாபகம் இல்ல, தெரியலன்னு சொல்லுத பாத்தியா, அதைத்தான் தாங்க முடியல." பிரியமாகத்தான் சொன்னார். ஒரு ஆள் இருந்திருந்தால் எனக்கு மன்னிப்பு உண்டு. ஆளே இல்லையென்றால் கிடையாது.

பத்தொன்பது. அப்படியானால் ஒரு ஆளைச் செய்துவிட வேண்டியதுதானே. மூணு நாளாக இதைத்தான் யோசிக்கிறேன், இந்த டாக்டரிடம் வருவதற்கு முன்னால் சொல்லிவிடலாம் என்றுகூட நேற்று வாய் வரைக்கும் வந்தது. உள்ளூர் ஆள் கூடாது, போய்ச் சட்டையைப் பிடிப்பார். பழைய ஆள். கல்லூரியில் கூடப் படித்தவன். ஊர் ராஜபாளையம், ஆனால் இப்போது அங்கே இல்லை, வெளிநாடு, லீவுக்கு வந்தவன், திரும்பிப் போய்விட்டான். பேர் என்ன வைக்கலாம். ஜெகதீசன். வேண்டாம், இவருடைய சித்தப்பா பேர். தயானந்தன். தயானந்தன் கண்ணாடி போட்டிருப்பான், முன்வழுக்கை, என் கையைக்கூடத் தொட்டிருக்க மாட்டான், பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பழைய வாத்தியார்களைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தான், டீ குடித்தோம், அவ்வளவுதான். அவ்வளவுதானா என்று கேட்பார். அவ்வளவுதான் என்றால் நம்ப மாட்டார், இன்னும் கொஞ்சம் சேர்க்க வேண்டும், எவ்வளவு சேர்த்தால் நம்புவார், எதுவரைக்கும் சேர்த்தால் மன்னிப்பார், அதற்கு மேலே போனால் மன்னிக்க மாட்டாரே, அந்த அளவு சரியாகத் தெரிந்தால் போதும், தாரணி திங்கட்கிழமை பள்ளிக்கூடம் போய்விடுவாள். இல்லாத தயானந்தனை நினைத்து எனக்குச் சிரிப்பு வருகிறது. வெளியேயும் சிரித்துவிட்டேன் போல, அவர் திரும்பிப் பார்க்கிறார், இவள் நடிக்கிறாள் என்றும் இவளுக்கு நிஜமாகவே முற்றிவிட்டது என்றும் ஒரே பார்வையில் பார்க்கிறார். ரெண்டில் எது அவருக்குத் தேவலை? நடிக்கிறேன் என்பதுதான். எனக்குத் தெரியும்.

இருபத்திரண்டு. கட்டைவிரலைப் பார்க்கக் கூடாது. எதற்காகப் பார்க்கக் கூடாது என்று நினைத்தேன், நினைத்ததால் பார்த்தேன். பத்திரப் பதிவு ஆபீஸில் என் வேலை இதுதான், வருகிறவர்களை வெள்ளைத் திரைக்கு முன்னால் உட்காரவைத்துப் படம் பிடிப்பது, கைரேகை எடுப்பது. நீங்கதானா இது, உங்க பேர்தானா, கொஞ்சம் நிமிருங்க, கண்ணை மூடாதீங்க. ஒரு நாளைக்கு அறுபது பேர். அறுபது பேருடைய கட்டைவிரலையும் நான்தான் பிடித்து அந்தக் கண்ணாடியில் அழுத்துவேன், விரலிலிருந்தே ஆளைச் சொல்லுவேன், இது தீப்பெட்டி ஆபீஸ் விரல், இது காட்டு வேலை, இது வாத்தியார். மின்விசிறியைப் பார். டி.வி.யைப் பார். பூரி முடிந்து இப்போது தங்க நகை விளம்பரம். ஆடி மாதத்துக்கு முந்தின வாரம், கூட்டம், ஒரு பெரியவரை ரெண்டு மகன்கள் அக்குளில் கை கொடுத்துக் கொண்டுவந்தார்கள். மாடக்கண்ணு, தகப்பனார் பேர் இசக்கிமுத்து. சுத்தமாகச் சவரம் செய்துவிட்டிருந்தார்கள், தாடையில் சின்ன வெட்டு, அதில் பவுடர். இருக்கிற ரெண்டு ஏக்கரையும் மூத்தவன் பேருக்கு எழுதுகிறார். அய்யா, சம்மதந்தானா என்று எங்கள் பதிவாளர் சார் கேட்டார், பெரியவர் தலையை ஆட்டினார், அல்லது தலை ஆடியது. படம் எடுத்தேன். ரேகை விழவில்லை. காய்ந்த விரல், அப்படித்தான் இருக்கும், ஈரத் துணியால் துடைத்துவிட்டு மறுபடி அழுத்தினால் விழும். துடைத்தேன். துடைக்கும்போதே விரல் ஒரு மாதிரி இருந்தது. நகம் நீலமாக. நான் நிமிர்ந்து மூத்த மகனைப் பார்த்தேன், அவன் என்னைப் பார்த்தான், எடுத்துருங்க மேடம் என்றான், பின்னால் இருந்து சாரும், வரிசை நிக்குது, எடுத்துரும்மா என்றார், நான் அழுத்தினேன், பச்சை விளக்கு எரிந்தது. அப்புறம்தான் மகன், அய்யோ அப்பா என்று கத்தினான். ஆம்புலன்ஸ் ஆள் வந்து பார்த்துவிட்டு எப்பவோ போயிட்டாரே என்றான். எப்பவோ என்றால் எப்போது? துடைப்பதற்கு முன்னாலா பின்னாலா? இந்த இடத்தில்தான் சிக்கிக்கொள்கிறேன், ஆறு மாதமாக, இதற்கு அந்தப் பக்கமும் போக முடியவில்லை இந்தப் பக்கமும் வர முடியவில்லை. பத்திரம் செல்லுபடியாயிற்று. பதினாறாம் நாள் காரியம் முடித்துவிட்டு மூத்தவன் பத்திரத்தை வாங்க வந்தான், ஆபீஸுக்கு ஒரு கிலோ மைசூர்பாகு கொண்டுவந்தான். எனக்கும் ஒரு துண்டு கொடுத்தார்கள். தின்றேன். அன்றைக்குச் சாயங்காலம்தான் முதல் தடவையாக நெஞ்சு தடதடத்தது.

"இருபத்தேழு! செண்பகவல்லி யாரு?" கதவுப் பெண் கூப்பிடுகிறாள். ரெண்டு மணி நேரம் போயிருக்கிறது, நல்லவேளை, இந்த ரெண்டு மணி நேரமும் என்னிடம் இருக்கிறது. அவரும் எழுந்தார். கதவுப் பெண், முதல்ல பேஷண்ட் மட்டும் சார் என்றாள். டாக்டர் பேர் ஜெயசீலி, என்னைவிட ரெண்டு மூணு வயது மூத்தவளாக இருப்பாள், நாகர்கோவில் பேச்சு. என்னம்மா பண்ணுது என்றாள். நான் ராஜபாளையத்தில் ஆரம்பித்துப் பின்னோக்கிப் போனேன், தலை பின்னினது, தலைக்குப் பின்னால் ஒரு முழம், பருப்பு. அவள் எழுதிக்கொண்டே இருந்தாள், நடுவில் ஒரு தடவைகூட யாரு என்று கேட்கவில்லை. "இது எல்லாத்துக்கும் முன்னால ஏதாவது நடந்துதா?" என்றாள். இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். மாடக்கண்ணு என்று வந்தது. விரல், ஈரத் துணி, பச்சை விளக்கு, மைசூர்பாகு, எல்லாம் வந்தது, நான் அழவில்லை, யாரோ வாசிக்கிற மாதிரிதான் வந்தது. டாக்டர் பேனாவை வைத்தாள். "அந்தப் பெரியவர் எந்த ஊரும்மா?" பத்திரத்தில் நானே அடித்த முகவரி, நிரந்தர முகவரி, கண்ணை மூடினாலும் தெரியும். கோவில்பட்டியில் மகன் வீட்டில் இருந்தார், ஆனால் பூர்வீகம் சேத்தூர். சேத்தூர் என்று சொன்ன பிறகுதான் அந்தச் சொல் என் காதில் விழுந்தது. ராஜபாளையம் போய்த்தான் சேத்தூருக்குப் பஸ் மாற வேண்டும். டிக்கெட்டில் பெரியவர் ரெண்டு. நான் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். "டாக்டர், நான் அவரை வீட்டுல கொண்டுபோய் விடப் போயிருக்கேனா?" "இருக்கலாம். நாலு மணி நேரமும் திரும்பி ஞாபகம் வரும்னு நான் சொல்ல மாட்டேன். வராமலும் போகலாம்." அப்புறம் மெதுவாகச் சொன்னாள்: "உடம்புக்குத் தாங்க முடியாத வலி வந்தா மயக்கம் போடுதுல்லா, மனசுக்கும் அப்படி ஒரு வழி உண்டு. தாங்க முடியாததை விட்டு விலகி நின்னுக்கும். சில சமயம் ஒரேயடியா வெளியே போயிட்டு வந்துரும். இது நடிப்பு இல்ல, பைத்தியமும் இல்ல. வலிப்பு இல்லன்னு உறுதி பண்ண ஒரு டெஸ்ட் எடுப்போம். பதட்டத்துக்கு மாத்திரை தாரேன். வாராவாரம் வந்து பேசணும், அதுதான் முக்கியமான மருந்து. விலகிப் போற மாதிரி இருந்தா பாதத்தைத் தரையில அழுத்துங்க, கண்ணுல படுற அஞ்சு பொருளோட பேரை வாய்விட்டுச் சொல்லுங்க. வெளியே போனா, எங்க போறீங்கன்னு ஒருத்தர்கிட்ட சொல்லிட்டுப் போங்க." பாதத்தை அழுத்தினேன். மேஜை. கடிகாரம். காலண்டர். தண்ணி பாட்டில். டாக்டர். தரை சில்லென்று இருந்தது, அது என் காலுக்குத்தான் சில்லென்று இருந்தது.

அவரைக் கூப்பிட்டார்கள். பெரியவர் விஷயத்தை நானே சொல்லிக்கொள்கிறேன் என்று டாக்டரிடம் சொல்லியிருந்தேன், அதை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் பொறுமையாக விளக்கினாள், இந்த நோய் இப்படி இப்படி, வீட்டில் துருவித்துருவிக் கேட்காதீங்க, கேட்டால் கூடும், பிள்ளை கூட இருப்பது நல்லது. அவர் நன்றாகப் படித்த மனுஷன், தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார், நடுவில் ஒரு கேள்விகூட சரியாகக் கேட்டார், மாத்திரை எத்தனை நாள் சாப்பிட வேண்டியிருக்கும் என்று. கடைசியில் எழுந்து நின்றுகொண்டு, "டாக்டர், இந்த மறந்துபோனதை வெளிய கொண்டுவரதுக்கு ஊசி ஏதும் இருக்கா? அன்னைக்கு யார்கூட இருந்தான்னு தெரிஞ்சா எனக்கும் நிம்மதி" என்றார். "அப்படி ஊசி இல்ல சார். இருந்தாலும் உங்க நிம்மதிக்காகப் போட மாட்டேன்" என்றாள். மருந்துக் கவுண்டரில் சீட்டைக் கொடுத்தேன். கவுண்டர் ஆள் மாத்திரையை எடுத்து வைத்துக்கொண்டு என் தலைக்கு மேலாக அவரிடம், காலையில ஒண்ணு, சாப்பாட்டுக்கு அப்புறம் குடுத்துருங்க சார் என்றான். "என்கிட்ட சொல்லுங்க, நான்தான் சாப்பிடப்போறேன்" என்றேன். சத்தமாக வந்திருக்க வேண்டும், வரிசை திரும்பிப் பார்த்தது. சத்தம் பக்கத்து அறையிலிருந்து வரவில்லை, என் தொண்டையிலிருந்துதான் வந்தது.

வெளியே வேப்பமரத்தடியில், வெயிலில், அவரிடம் சொன்னேன். நின்றபடியே, முதலிலிருந்து, விரல், நீல நகம், சேத்தூர். டிக்கெட்டில அந்த ரெண்டாவது ஆள், அந்தப் பெரியவருக்குத்தாங்க எடுத்திருக்கேன் போல என்றேன். இதற்காகத்தான் மூணு வாரமாகக் காத்திருந்தோம், ரெண்டு பேருமே. அவர் கேட்டுக்கொண்டார். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி குத்திக்கொண்டார். என் கையை அவர் பிடிப்பார் என்று ஒரு நிமிஷம், ஒரே நிமிஷம், நினைத்தேன். "செத்தவர் பேரைச் சொன்னா யாரு போய் விசாரிக்க முடியும்" என்றார். "உயிரோட இருக்கிற ஆளைச் சொல்லு வல்லி." கோபமாகக்கூடச் சொல்லவில்லை, களைப்பாகச் சொன்னார். தயானந்தன் பேர் நாக்கில் இருந்தது. முன்வழுக்கை, கண்ணாடி, டீ. அதைச் சொன்னால் இந்த மனுஷன் அழுவார், என்னை மன்னிப்பார், ரெண்டு பேரும் சேர்ந்து தென்காசி போவோம். நான் காத்திருந்தேன், நெஞ்சு தடதடக்கும், ஒரு முழம் மேலே போய்விடுவேன் என்று. போகவில்லை. அங்கேயேதான் நின்றேன், உள்ளங்கால் சுட்டது, கழுத்தில் வியர்வை வழிந்தது, வெறுப்பு என்றால் எப்படி இருக்கும் என்று முதல் தடவையாக, பதினாலு வருஷத்தில் முதல் தடவையாக, முழுசாகத் தெரிந்தது, அது எனக்குள்தான் இருந்தது, வேறு யாருக்குள்ளும் இல்லை. "வேற யாரும் இல்ல" என்றேன். "இனிமே எத்தனை தடவை கேட்டாலும் இதுதான் பதில். உங்களுக்கு வேற பதில் வேணும்னா நீங்களே செஞ்சுக்கிடுங்க." அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் மதினிக்கு ஃபோன் போட்டேன்.

"சொல்லிட்டியா?" என்றார் மதினி, எடுத்ததும். பிள்ளைகிட்ட குடுங்க மதினி என்றேன். "யாருன்னு சொல்லிட்டியா, அதைச் சொல்லு." பிள்ளைகிட்ட குடுங்க. ஃபோன் கை மாறியது, அப்புறம் மூச்சு, தாரணியின் மூச்சு எனக்குத் தெரியும். "அம்மா, அத்தை ஸ்பீக்கர்ல போட்டிருக்கா" என்றாள் முதல் வார்த்தையாக. போடட்டும் என்றேன். "அம்மா, நீ எல்லாத்தையும் மறந்துட்டு எங்கயோ போயிட்டியாமே. என்னையும் மறந்துட்டியா?" இதற்கும் ஒரு பொய் கைவசம் இருந்தது. "ஆமா. அந்தக் கொஞ்ச நேரம் உன்னையும் மறந்துட்டேன், என்னையும் மறந்துட்டேன். அது ஒரு நோய். மாத்திரை குடுத்திருக்காங்க." பின்னால் மதினி ஏதோ முணுமுணுத்தார். "இப்ப உன்னைக் கூட்டிட்டுப் போக வாரேன். அத்தை விடுவாளோ மாட்டாளோ, வந்து வாசல்ல நிப்பேன்." அப்பாவும் வாராங்களா என்று கேட்டாள். திரும்பிப் பார்த்தேன். அவர் மரத்தடியிலேயே நின்றுகொண்டு யாருக்கோ ஃபோனில் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். "இல்ல, நான் மட்டும்" என்றேன். "தனியாவா?" குரல் சின்னதாகிவிட்டது. "உனக்கு வழி தெரியுமாம்மா?" நெஞ்சுக்குள் செருப்புச் சத்தம் முதல் படியில் கேட்டது. பாதத்தை அழுத்திக்கொண்டேன். தென்காசி வரைக்கும் வழியில வார ஊரெல்லாம் சொல்லுதேன், கேட்டுக்கோ என்று ரோட்டைக் கடந்து பஸ் ஸ்டாப் பக்கமாக நடந்தேன். பேட்டை. ம், என்றாள். சீதபற்பநல்லூர். ம். மாறாந்தை. ம். ஆலங்குளம். ஆலங்குளத்துக்கு அப்புறம் என்ன என்று ஒரு நொடி எதுவுமே வரவில்லை, வெள்ளையாக இருந்தது, அவள் காத்திருந்தாள், அவசரப்படுத்தவில்லை, நானும் ஓடிப்போகாமல் அந்த வெள்ளையிலேயே நின்றேன். "பாவூர்சத்திரம்" என்றேன். "ம்" என்றாள்.